எட்டு கிலோ காற்றும் ஒரு கிளிப்-ஆன் ஹேண்டில்பாரும்: வேலூர் ஸ்பிளெண்டர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2010-இல் வேலூரில் பதிவான ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ். ஒற்றை சிலிண்டர், 97.2 சிசி, ஏழரைக் குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சின், நான்கு கியர், முன்னும் பின்னும் டிரம் பிரேக். பால்காரரிலிருந்து வாத்தியார் வரை இந்த ஊரில் ஓட்டுகிற வண்டி. ஆனால் சத்துவாச்சாரியில் மெக்கானிக் பாயின் பட்டறை வாசலில் அது வந்து நின்றபோது, ஸ்பிளெண்டர் என்று கண்டுபிடிக்க எஞ்சினைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. நீண்ட வெள்ளி நிற ஃபைபர் டேங்க், பின்பக்கம் திமில் வைத்த ஒற்றை சீட், ஃபோர்க் குழாயிலேயே கவ்வவைத்த கிளிப்-ஆன் ஹேண்டில்பார், பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட். எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டித் தேக்கும் ஏர் பாக்ஸ் இல்லை. கார்புரேட்டர் வாயில் நேரே ஒரு கோன் ஃபில்டர். சைலன்சர் வாய் விரிந்த மெகாஃபோன் ரகம். 1960-களின் பந்தய வண்டிச் சாயல் அப்படியே இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதெல்லாம் குறையாகவே இருக்கும்.

வண்டிக்காரர் முப்பதைத் தொடாத இளைஞர். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் வேலை. ஷிஃப்டுக்கு நெடுஞ்சாலை 48-இல் பூட்டுத்தாக்கு, இரத்தினகிரி, மேல்விஷாரம் தாண்டி, பாலாற்றுப் பாலம் ஏறி இறங்கிப் போய் வருகிறவர். வண்டியை மாற்றிக் கொடுத்தது வெளியூர்ப் பட்டறை ஒன்று. நான் தொழிற்பயிற்சி வகுப்பெடுக்கிறவன். பாயின் பட்டறைக்கு அடிக்கடி போகிறவன். பையன்களுக்குச் சொல்ல நல்ல கேஸ் என்று தோன்றியதால் ஆரம்பம் முதலே குறித்து வைத்தேன்.

அவர் கொண்டுவந்த புகார்கள் மூன்று. வண்டி இழுக்கவில்லை, ஆக்ஸிலரேட்டரை விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது. இரண்டாவது, வேலைக்குப் போய் இறங்கினால் இரு கையிலும் விரல்கள் மரத்துப்போகின்றன. மூன்றாவது, ஆர்.சி. பதினைந்து ஆண்டு முடியப் போகிறது. புதுப்பிக்கக் கொண்டுபோன இடத்தில் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்த மூன்றும் தனித்தனிப் புகார் போலத் தெரியும். எனக்கு அப்படிப் படவில்லை. 160 கிலோமீட்டர் வேகத்துக்காகப் பிறந்த ஒரு வடிவத்தை 60-இல் ஓடும் வண்டிக்கு மாட்டியதன் மூன்று பக்கங்கள் அவை.

அந்த வடிவம் எங்கிருந்து வந்தது

1962-இல் உலக மோட்டார் சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் 50 சிசி பிரிவைச் சேர்த்தார்கள். முதல் ஆண்டே சுசூகியில் எர்ன்ஸ்ட் டெக்னர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு ஹோண்டா, காசு கொடுத்தால் யாரும் வாங்கக்கூடிய சிஆர்110 என்ற 49 சிசி பந்தய வண்டியை விற்றது. இத்தனூண்டு எஞ்சினில் இரண்டு கேம் ஷாஃப்ட். முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 1997-இல், அதே சாயலில் சாலைக்கென்று ட்ரீம் 50 வந்தது, 5.6 குதிரைத்திறன், அதுவும் 10,500 சுற்றில். சின்ன எஞ்சினில் பந்தயத் தோற்றம் என்பதற்கு உலகில் இதைவிட நேர்த்தியான உதாரணம் எனக்குத் தெரியாது. அதில் எஞ்சினும் பந்தய எஞ்சினின் வம்சம். தோலை மட்டும் கடன் வாங்கவில்லை.

இங்கிலாந்தில் அதே காலத்தில் வேறு கூட்டம். லண்டன் ஏஸ் கஃபேயில் கூடிய இளைஞர்கள் தங்கள் சாலை வண்டிகளை நார்ட்டன் மேங்ஸ் போன்ற பந்தய வண்டிகளின் பாணிக்கு மாற்றினார்கள். மணிக்கு 100 மைல் தொட வேண்டும், அதுதான் கனவு. கூட்டம் பெருகியதைப் பார்த்த ராயல் என்ஃபீல்டு, 1960-களின் நடுவில் கிளிப்-ஆன் ஹேண்டில்பார், திமில் சீட், சிவப்பு ஃபைபர் டேங்க் எல்லாம் தொழிற்சாலையிலேயே போட்டு 250 சிசி கான்டினென்டல் ஜிடியைக் கொண்டுவந்தது. நம் பக்கத்தில் சோழவரம் விமானத் தளத்துப் பந்தயங்களைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது; பாய் அதில் ஒருவர். அப்போதைய யெஸ்டிகளையும் ராஜ்தூத் 350-களையும் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் அன்றைக்குப் பட்டறையில் வேலை நடக்காது. சின்ன எஞ்சின் இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. 1980-களில் ஜெர்மனியின் ட்சுண்டாப் தொழில்நுட்பத்தில் என்ஃபீல்டு 50 சிசி வண்டிகள் செய்தது இதே ராணிப்பேட்டையில்தான்.

விஷயம் இதுதான். அந்தப் பந்தய வண்டியில் எதுவும் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. திமில், ஓட்டுபவர் பின்னுக்கு நகர்ந்து படுக்கும்போது இடுப்பை நிறுத்த. தாழ்ந்த ஹேண்டில்பார், காற்றில் படும் உடம்பைக் குறைக்க. சீட்டுக்குக் கீழே ஃபிரேமில் ஏர் பாக்ஸ் இல்லாத வெற்று முக்கோணம், முழு த்ராட்டிலிலேயே ஓடுகிற எஞ்சின் தடையில்லாமல் மூச்சுவிட. தூசியைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை, பந்தயம் முடிந்தால் எஞ்சினைப் பிரித்துவிடுவார்கள். பாலாற்று ஓரத்தில் மணல் பறக்கிற சாலையில் தினம் போகிறவர் அப்படிப் பிரிக்க முடியுமா?

மரத்துப்போன விரல்கள்

எஞ்சின் புகாருக்கு முன் கைப் புகாரை எடுத்துக்கொள்கிறேன். இதற்குத்தான் பட்டறையில் யாரிடமும் நேரான விளக்கம் கிடைக்கவில்லை. ஹேண்டில்பார் தாழ்வாக இருப்பதால் வலி என்பார்கள். அப்படியானால் பந்தயக்காரர்களுக்கு ஏன் வலிக்கவில்லை?

காற்று நெஞ்சில் தள்ளுகிற விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேலூர் வெயிலில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1.12 கிலோ. பாதி குனிந்த ஆளும் வண்டியும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் பரப்பைத் தோராயமாக அரை சதுர மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தள்ளுவது எட்டு கிலோ எடை அளவு. 80-இல் பதினான்கு. பந்தய வண்டியின் 160-இல் அது ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டும். அதாவது அந்த வேகத்தில் குனிந்து போகிறவரின் நெஞ்சைக் காற்றே தாங்கிப் பிடிக்கிறது. கை வெறுமனே பிடித்திருந்தால் போதும். 60-இல் எட்டு கிலோதான் தாங்கும். மேல் உடம்பின் மிச்ச எடை முழுக்க மணிக்கட்டு வழியாக ஹேண்டில்பாரில் இறங்குகிறது. உள்ளங்கையின் அடிப்பகுதியில் ஓடும் நரம்பு நசுங்க வேறு என்ன வேண்டும்? கிரீன் சர்க்கிளில் சிக்னலுக்கு நிற்கும்போது காற்றே கிடையாது, எடை மொத்தமும் கைதான்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. சின்ன எஞ்சினுக்குத்தான் குனிந்து ஓட்டுவதில் லாபம் அதிகம். நிமிர்ந்து உட்கார்ந்தால் 80 கிலோமீட்டரில் காற்றை வெல்லவே ஐந்து குதிரைத்திறன் போய்விடும். நன்றாகக் குனிந்தால் மூன்றே முக்கால் போதும். மொத்தமே ஏழரை உள்ள வண்டியில் ஒன்றேகால் மிச்சம் என்பது லேசான விஷயம் அல்ல. இரத்தினகிரி தாண்டி எதிர்காற்றில் போகும்போது வண்டிக்காரர் அதை உணர்ந்திருக்கிறார்: "குனிஞ்சா ஸ்பீடு ஏறுது சார், நிமிந்தா எறங்குது." உண்மை. ஆனால் 40-இல் இதே கணக்கு 0.15 குதிரைத்திறனுக்குச் சுருங்கிவிடும். காட்பாடி சாலை நெரிசலில் குனிந்து ஓட்டுவதால் கிடைப்பது மணிக்கட்டு வலி மட்டுமே.

ஆகவே தீர்மானம் இப்படி ஆனது. தேவைப்படும்போது குனிய இடம் வேண்டும், எப்போதும் குனிந்தே இருக்கவேண்டிய கட்டாயம் வேண்டாம். கிளிப்-ஆனைக் கழற்றி, பழைய கிளாம்ப் இடத்திலேயே தட்டையான, குறுகலான ஒரு பைப் ஹேண்டில்பார் போட்டார் பாய். ஸ்பிளெண்டரின் சொந்த ஹேண்டில்பாரைவிடத் தாழ்வு, கிளிப்-ஆனைவிட நன்றாக உயரம். இன்னொரு லாபமும் கிடைத்தது. முன்பு முழுக்கத் திருப்பினால் கட்டைவிரல் டேங்குக்கும் பிடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்; சந்தில் வண்டி திருப்புவதே பயமாக இருந்திருக்கிறது. அது போயிற்று.

ஃபுட்ரெஸ்ட் கதை வேடிக்கை. ஸ்பிளெண்டரில் எல்லா கியரும் முன்பக்கம் மிதித்தே விழும். பின்னுக்குத் தள்ளிய பெடலில் இருந்து கியர் ஷாஃப்டுக்கு ஒரு ராடு கொடுத்திருந்தார்கள். பெடல் பக்கத்துக் கை மேல்நோக்கி, ஷாஃப்ட் பக்கத்துக் கை கீழ்நோக்கி. இரண்டும் ஒரே திசையில் இருந்தால்தான் மிதித்தால் மிதித்தபடி விழும். எதிர்த்திசையில் இருந்தால் தலைகீழ். ஆகவே இவர் வண்டியில் கியர் போடப் பெடலை மேலே தூக்க வேண்டும், குறைக்க மிதிக்க வேண்டும். வீட்டில் அப்பா ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நடுரோட்டில் நின்றுவிட்டாராம். ஷாஃப்ட் கையைத் திருப்பி மாட்டினாலே சரியாகியிருக்கும். ஆனால் ஃபுட்ரெஸ்டையே பழைய இடத்துக்குக் கொண்டுவரவேண்டிய வேறு காரணம் இருந்தது. அது ஆர்.சி. விவகாரத்தில் வரும்.

வெடிக்கிற எஞ்சின்

முதல் நாள் பேச்சிலேயே பாதி விடை இருந்தது.

"இன்னா பாய், சோக்கு இழுத்தா நல்லா ஓடுது, விட்டா இருமுது."

"ஏலகிரி போனியே, அங்க எப்படி?"

"ஏற சொல்ல சூடாகி நின்னுகிச்சு. ஆனா மேல போய்ட்டா ஸ்டெடியா நிக்குது பாய். அங்க வெடிக்கவே இல்ல."

பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். சோக் இழுத்தால் சரியாகிறது என்றால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். இது எல்லா மெக்கானிக்கும் அறிந்தது. ஏலகிரி அதை உறுதி செய்தது. பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி ஆயிரம் மீட்டருக்கு மேல் போனால் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறையும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, ஏறத்தாழ அதே அளவு பெட்ரோலைத்தான் விடும். காற்று குறைய, கலவை தானாகக் கெட்டியாகிறது. கீழே நீர்த்துப்போய் இருமுகிற எஞ்சின் மேலே போனால் சமத்தாகிவிடும்.

வேலூர் வெயில்தான் காரணம் என்று பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் அடித்துச் சொன்னார். வெயில் எஞ்சினைச் சூடாக்கும், சரி. ஆனால் சூடான காற்று லேசானது; அது கலவையைக் கெட்டியாக்குமே தவிர நீர்க்க வைக்காது. மே மாதத்தில் வண்டி வெடித்தால் வெயிலைத் திட்டுவதில் பயனில்லை.

பிளக்கைக் கழற்றினோம். பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தது. காப்பித்தூள் நிறம் இருக்கவேண்டிய இடம் அது. சைலன்சர் வளைவு நீலம் பாய்ந்திருந்தது. கம்ப்ரஷன் சரி, டாப்பெட் இடைவெளி சரி, மேனிஃபோல்டு வளையத்தில் காற்றுக் கசிவு இல்லை. ஏர் பாக்ஸை எடுத்துவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை நிர்ணயிக்கும் துளையான ஜெட்டை மாற்றாமல் விட்டது ஒரு காரணம். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சிழுக்கும், ஒரேயடியாக இழுக்கும். ஏர் பாக்ஸில் தேங்கியுள்ள காற்றுதான் அந்த இழுப்பைச் சமப்படுத்துகிறது; ஜெட் அளவெல்லாம் அந்தப் பெட்டி இருக்கிறது என்று நம்பித்தான் கம்பெனியில் வைத்திருப்பார்கள்.

இரண்டாவது காரணம் பங்க்கில் இருக்கிறது. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீத எத்தனால் கலந்தால் அது 13.5 பக்கம் வரும். அதாவது அதே காற்றுக்கு முன்பைவிட ஏறத்தாழ ஒன்பது சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். 2010-இன் கார்புரேட்டர் அதைக் கேட்டு வாங்கத் தெரியாதது. பெட்ரோல் அளவைக் கணினியே கட்டுப்படுத்தும் புது வண்டிகள் ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும். ஆக, ஏற்கெனவே நீர்த்திருந்த கலவை இன்னும் நீர்த்திருக்கிறது.

பாய் மெயின் ஜெட்டில் ஒரு அளவு ஏற்றினார், ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும்படி அதன் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினார், ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டையும் மாற்றினார். வண்டி இழுத்தது, வெடிப்பு நின்றது, பிளக்கும் நிறம் திரும்பியது. சரியான வைத்தியம்தான். ஆனால் சில வாரத்தில் அதே வண்டி அதே புகாரோடு வந்தது. இந்தமுறை காலையில் ஸ்டார்ட்டே ஆகவில்லை, ஐடிலில் நிற்கவில்லை. பைலட் ஜெட் அடைப்பு. ஊதிவிட்டு அனுப்பினார். மறுபடி வந்தது.

அப்போதுதான் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தை வெள்ளைத் துணிமேல் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் பழுப்பு நிறத்தில், விரலில் தொட்டால் பலாப்பிசின் போல் இழுபடுகிற ஏதோ ஒன்று. தூசி என்றால் நறநறக்கும், துரு என்றால் சிவக்கும். இது இரண்டும் இல்லை. பெட்ரோல் டேப்பின் வலையில் எதுவும் சிக்கவில்லை. வலையில் சிக்காதது கிண்ணத்தில் படிகிறது என்றால், அது பெட்ரோலில் கரைந்தே வருகிறது. ராத்திரி பெட்ரோல் ஆவியாகும்போது மட்டும் படிகிறது. காலையில் ஸ்டார்ட் ஆகாததும் அதனால்தான்.

"தம்பி, டேங்க் இன்னாத்துல செஞ்சது?"

"ஃபைபரு பாய்."

டேங்க்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், உட்சுவர் வியர்த்தது போல் பளபளத்தது. மூடி வாயின் உள்விளிம்பை ஸ்க்ரூ டிரைவர் முனையால் கீறினேன். மெழுகில் கீறியது போல் சுருள் வந்தது. வெளியே, இரு பாதியும் ஒட்டிய தையல் ஓரம் பெயின்ட் கொப்புளித்திருந்தது. அந்த விளிம்பில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, பங்க்கில் பிடித்த பெட்ரோலில் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி வைத்தோம். துண்டு வளைந்து கொடுக்க ஆரம்பித்தபின் அந்தப் பெட்ரோலை எவர்சில்வர் தட்டில் ஊற்றிக் காயவிட்டோம். அதே பழுப்புப் பிசின் வட்டமாக நின்றது. இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

சாதாரண பாலியெஸ்டர் ரெசினில் செய்த ஃபைபரை எத்தனால் இளக்கும். அறுபதுகளின் பெட்ரோலில் பெரும்பாலும் எத்தனால் கிடையாது, அன்றைய கான்டினென்டல் ஜிடிக்காரர்களுக்கு ஃபைபர் டேங்க் ஒத்துப்போனது. இங்கே இப்போது அப்படி அல்ல. பழைய படத்தைப் பார்த்து டேங்க் செய்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். ஜெட் அடைத்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். அந்தப் பிசின் இன்டேக் வால்வின் தண்டில் படிந்து வால்வு பாதியில் ஒட்டிக்கொண்டால் பிஸ்டன் வந்து இடிக்கும், அப்போது தலையே போகும். ஹெட்டைத் திறந்து பார்த்தோம். தண்டில் லேசாகப் பூத்திருந்தது. துடைத்து, வால்வு தண்டு ஓடும் கைடையும் சுத்தம் செய்து மூடினார் பாய்.

ஃபைபர் டேங்க்குக்கு உள்பூச்சு கொடுத்துத் தப்பிக்கலாமா என்று வண்டிக்காரர் கேட்டார். எபாக்சி வகைப் பூச்சுகள் உண்டு. ஆனால் ஏற்கெனவே இளகிய சுவரில் எந்தப் பூச்சும் பிடித்து நிற்காது. வீட்டுப் பரணில் கிடந்த பழைய இரும்பு டேங்க்கையே எடுத்துவரச் சொன்னோம். பழக்கமான டிங்கர் ஒருவர் அதன் இருபுறமும் முழங்கால் படும் இடத்தை உள்வாங்கத் தட்டி, பித்தளைப் பற்று வைத்தார். கேஸ் கொளுத்தும் முன் டேங்க்கைத் தண்ணீரால் வாய்வரை நிரப்பி, வேலை நடக்கும் இடத்தை மட்டும் மேலே வைத்துக்கொண்டார். காலியாகத் தெரிகிற டேங்க்கில்தான் ஆவி இருக்கும், அதுதான் வெடிக்கும். அரை லிட்டரோ என்னவோ கொள்ளளவு குறைந்திருக்கலாம். வெள்ளிப் பெயின்டும் நடுவில் கறுப்புப் பட்டையும் அடித்தபின் ஃபைபர் டேங்க்கைவிட இதுவே பார்க்க நன்றாக இருந்தது. இது என் அபிப்பிராயம். வண்டிக்காரர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஏர் பாக்ஸும் திரும்ப வந்தது. வெற்று முக்கோணம் போய்விட்டதே என்று அவர் முகம் சுருங்கியது. கோன் ஃபில்டரைத் தாண்டி கார்புரேட்டர் வாயில் படிந்திருந்த நுண்மணலை விரலால் தொட்டுக் காட்டினார் பாய், பேச்சு நின்றது. சைலன்சரும் கம்பெனி சைலன்சர், கறுப்புப் பூச்சோடு. ஏர் பாக்ஸ் வந்துவிட்டதால் ஜெட்டை மறுபடி பழைய அளவுக்கு இறக்கி, எத்தனாலுக்காக ஊசியை மட்டும் ஒரு காடி உயர்த்தியே விட்டார்.

ஆர்.சி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ற இடத்தை வண்டிக்காரரை நிதானமாகப் படிக்கச் சொன்னேன். விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார், நடுவில் நிறுத்திவிட்டார்.

இவர் வண்டியில் முதல் இடி, ஆர்.சி.யில் இருக்கை இரண்டு, வண்டியில் ஒன்று. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சக்கரத்தில் துணி சிக்காதபடி பாதிச் சக்கரம் மறைக்கும் காப்பு ஆகியவை இருக்கவேண்டும் என்பது மத்திய விதி 123. பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட் மாட்டியிருந்ததே பின்னால் உட்காருபவரின் ஃபுட்ரெஸ்டுக்கான துளையில்தான். அதனால்தான் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

பெரிய வேலை ஃபிரேம். திமில் சீட்டுக்காக ஷாக் மவுண்டுக்குப் பின்னால் ஃபிரேமின் வாலை அறுத்துவிட்டிருந்தார்கள். சேசிஸ் எண் இருக்கும் முன்கழுத்துப் பக்கம் தொடாமல் விட்டது நல்லவேளை. காயலான் கடையில் இதே மாடலின் பின்பகுதி கிடைத்தது. குழாயைக் குழாயோடு முகத்துக்கு முகம் வைத்துப் பற்றவைத்தால் ஒட்டு ஓரத்திலேயே நாளைக்கு விரிசல் விடும். ஆகவே உள்ளே இறுக்கமாக ஒரு ஸ்லீவ் குழாய் விட்டு, வெளிக்குழாயில் இரண்டு துளை போட்டு அதன் வழியாகவும் பற்று நிரப்பினார்கள். பற்றவைக்கும் முன் பேட்டரியைக் கழற்றியதும், இரு ஷாக் மவுண்டுக்கும் நடு அளவை முழு ஸ்பிளெண்டர் ஒன்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்ததும் பாயின் ஒழுங்கு.

சீட் இப்போது இருவர் உட்காரும் தட்டையான சீட். அதன் பின்பாதிமேல் கழற்றி மாட்டுகிற திமில் மூடி ஒன்று, இரண்டு திருகு. தனியாகப் போகும் நாளில் பந்தய வண்டி, அம்மாவைக் கூட்டிப்போகும் நாளில் ஸ்பிளெண்டர். மேலுறை அவர் வேலை செய்யும் துறையின் மிச்சத் தோல், ஷூ மேல்பாகத்துக்கான ரகம். முதலில் தையலை நடுவில் போட்டுவிட்டார்கள். ஒரு மழையில் ஊசித்துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, ஃபோம் நாற ஆரம்பித்தது. பிரித்து, தையலைப் பக்கவாட்டுக்குத் தள்ளி, தோலுக்கும் ஃபோமுக்கும் நடுவில் பாலிதீன் விரித்துத் தைத்த பின் பிரச்சினை இல்லை. வெயிலில் நிறுத்தும்போது மேலே துணி போடவேண்டும். தோல் என்றால் அந்தப் பாடு உண்டு.

சோதனைக்குத் திரும்பக் கொண்டுபோனபோது ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்களாம். கண்ணாடி, இண்டிகேட்டர், கைப்பிடி, சேலைக் காப்பு எல்லாம் இருந்தன. ஐந்து ஆண்டுக்கு ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டது.

இப்போது

கை மரத்துப்போவது நின்றுவிட்டது. நெடுஞ்சாலையில் எதிர்காற்று வரும்போது முழங்கையை மடக்கி டேங்க்மேல் கவிழ்ந்துகொள்கிறார், ஊருக்குள் நிமிர்ந்துவிடுகிறார். ஏலகிரி இரண்டாம் கியரில் நிற்காமல் ஏறுகிறது. மேலே போனால் இப்போது ஐடில் சற்றே கனக்கிறது, அது இருக்கவேண்டிய விதம்தான். ஃப்ளோட் கிண்ணத்தை ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறோம், பிசின் இல்லை.

பாக்கி இருப்பது முன் பிரேக். மாற்றத்துக்குப் பணம் கொட்டியவர்கள் 130 மி.மீ. டிரம்மைத் தொடவே இல்லை. ஷூ தேய்ந்து, டிரம்மின் உள்வட்டம் முட்டை வடிவமாகியிருக்கிறது. அவசரத்துக்குப் பிடித்தால் லீவர் கையில் துடிக்கிறது. புது ஷூவும் கேபிளும் வாங்கி வைத்தாயிற்று. டிரம்மைக் கடைசல் பிடிக்கச் சக்கரம் ஆர்க்காட்டில் ஒரு லேத்துக்குப் போயிருக்கிறது. அது வரும்வரை தம்பி ஷிஃப்டுக்கு பஸ்ஸில்தான் போகிறார்.